பூட்ஸுக்குக் கொஞ்சம் மெழுகு

ஜார்ஜ்டவுன், வாஷிங்டன்
1884 அக்டோபர் 19

அன்புத் தம்பி ரூஃபஸ்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. போன செவ்வாய்க்கிழமை உன் அக்கா ஒரு பெட்டியோடு சண்டை போட்டாள்.

கால்வாய்க்கு மேலே வெதர்பி ஐயா வீடு இருக்கிறதே, அதன் பின்பக்கத்துக் குதிரை லாயத்தில் இப்போது குதிரை இல்லை. ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். மனுஷன் பேச்சைப் பிடித்து அடைக்கிறார்களாம், கம்பியில் அனுப்புகிறார்களாம். நான் சிப்பி கூவிக்கொண்டு போனபோது ஐயா ஜன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட்டார். கூடையை இறக்கினேன்.

"சிப்பி வேணாம்மா. உன் தொண்டைதான் வேணும்" என்றார்.

"அதுவும் இன்னிக்குப் பிடிச்சதுதான் ஐயா, எடுத்துக்கோங்க" என்றேன்.

ஒரு தகரப் புனலுக்குள் கத்தச் சொன்னார்கள். கத்தினேன். சக்கரத்தைச் சுற்றினார்கள். பெட்டிக்குள்ளிருந்து எவளோ ஒருத்தி "சிப்பி! சிப்பி!" என்று கூவுகிறாள். என் தெருவில் எனக்குப் போட்டியா? "எவடி அவ, தைரியம் இருந்தா வெளியே வாடி!" என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடிக் குழாய் ஊதுகிற வோகெல் என்ற ஜெர்மன்காரர் சிரித்தே யாரும் பார்த்ததில்லையாம். அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பெட்டிக்குள் இருந்தவள் நான்தானாம்.

ஐயாக்களெல்லாம் பேசினால், பேச்சைப் பதிக்கிற ஊசிக்கு உறைக்கவில்லை. என் குரல்தான் பதிகிறது. ஆகவே வாரத்தில் மூன்று காலை எனக்கு அங்கே வேலை. மே பிறந்தால், வெயிலில் கெட்டிருக்கும் என்று சிப்பியை யாரும் தொடமாட்டார்கள், கோடை முழுக்க ஊரார் துணியைத் துவைத்து வயிற்றைக் கழுவினேன். இனி அந்தப் பயம் இல்லை.

இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாதென்று காரியதரிசி கிரிம்ஸ் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ வெளி ஆள் இல்லையே.

உன் இருமல் எப்படி? உன் பெண்டாட்டி லாட்டிக்குப் பல்வலி விட்டதா?

உன் அக்கா
ஹெப்ஸி


பிலடெல்பியா
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. லாட்டி பல்லைப் பிடுங்கிவிட்டாள். உன் கடிதத்தைப் படித்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நீ சொல்லும் பெட்டியைப் பற்றி எனக்கு ஒரே ஆசையாக இருக்கிறது. முன்னே வந்த பேசும் இயந்திரத்தில் தகரத்தாளைச் சுற்றியிருப்பார்கள், இரண்டு தடவை ஓடினால் கிழிந்துவிடும். இங்கேயும் அதுதானா, வேறு ஏதாவதா? உருளை எவ்வளவு பெரியது? ஊசி குத்துகிறதா, கீறுகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பியானோத் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் தொண்டையை மூடிக்கொண்டு போ.

தம்பி
ரூஃபஸ்


ஜார்ஜ்டவுன்
நவம்பர் 23

அன்புத் தம்பி,

தொண்டையை மூடிக்கொண்டுதான் போகிறேன். இப்போது அதற்குச் சம்பளம் வருகிறதே. முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே அழ ஆரம்பித்துவிடுகிறது.

சின்ன வயசில் கடிகாரத்தைப் பிரித்துவிட்டு முழித்தாயே, அந்த மூக்கு இன்னும் உனக்கு அடங்கவில்லை. கேட்டுக்கொள். தகரத்தாள் இல்லை, மெழுகு. அட்டை உருளைமேல் மெழுகு பூசியிருக்கிறார்கள். ஊசி குத்தவில்லை, உழுகிறது. நம் அம்மா மாவு தேய்க்கிற கட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினால் எப்படியோ அப்படி இருக்கும், பருமனும் அதே பருமன்.

இன்னொன்றும் செய்கிறார்கள். எதிர்வீட்டுக் கூரையிலிருந்து வெயில் கதிரிலேயே பேச்சை அனுப்புகிறார்கள். கம்பியே கிடையாது. மேகம் வந்தால் பேசுகிறவர் பாதி வார்த்தையில் நின்றுவிட வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. என் வாயை அடக்க ஒரு மேகம் போதும் என்று ஊருக்குத் தெரிந்தால் என் மரியாதை என்னாவது?

கிரிம்ஸ் பாடுதான் வேடிக்கை. சாவித் துவாரத்தை மெழுகால் அடைக்கிறார். தெருவில் எவனாவது நின்று பூட்ஸ் கயிறு கட்டினால் அவன் போகிறவரை நாங்கள் யாரும் பேசக்கூடாது. ஒருநாள் தபால்காரரின் பைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன ஐயா, அதுக்குள்ள எவனாவது உட்கார்ந்திருக்கானா?" என்றேன். "சிரிக்காதே ஹெப்ஸி. கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. திருடு போகாம வச்சிருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். செய்ததையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில் பூட்டி, அரக்கு வைத்து, பெரிய மியூசியத்தில் ஒப்படைக்கப் போகிறார்களாம். நாளைக்கு வழக்கு வந்தால் முதலில் செய்தது நாங்கள்தான் என்பதற்குச் சாட்சி. பெட்டி போகும்வரை அவர் கண்மூடித் தூங்கமாட்டார்.

லாட்டிக்குப் பல் போன இடத்தில் கிராம்பு வைக்கச் சொல்.

ஹெப்ஸி


பிலடெல்பியா
டிசம்பர் 14

அன்புள்ள அக்கா,

இங்கே முழங்கால்வரை பனி. உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன். லாட்டிக்குக் கிராம்பு வைத்தோம், சுகம். எனக்குப் புதுக் கம்பளிக்கோட்டு ஒன்று வாங்கினேன், குளிர் தாங்கவில்லை.

ஆனால் பூட்ஸ் ஒழுகுகிறது. நீ சொன்ன மெழுகு நல்ல மெழுகாகத்தான் இருக்கும். ஊசி உழுதபின் தூள் விழுமே, அதைப் பெருக்கிக் கொட்டத்தானே போகிறார்கள்? ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து வை. பூட்ஸில் தேய்த்துப் பார்க்கிறேன்.

புதுவருஷம் உனக்கு நல்லபடி பிறக்கட்டும்.

ரூஃபஸ்


ஜார்ஜ்டவுன்
1885 ஜனவரி 4

அன்புத் தம்பி,

உனக்கும் லாட்டிக்கும் வருஷம் இனிப்பாக இருக்கட்டும். எனக்குச் சளி பிடித்து இரண்டு நாள் குரல் கட்டிவிட்டது. வெதர்பி ஐயாவே வந்து கோழிச்சாறு கொடுத்துவிட்டுப் போனார். என் புருஷன் சாகக் கிடந்தபோதுகூட இந்தத் தெருவில் யாரும் இவ்வளவு பதறவில்லை.

மெழுகுத்தூள் இதனுடன் வைத்திருக்கிறேன். பெருக்கினது நான்தான், கேட்பாரில்லை. புதுக்கோட்டு வாங்கினவன் பழைய பூட்ஸை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று லாட்டி கேட்கவில்லையா? நான் கேட்கிறேன்.

ஹெப்ஸி


ஜார்ஜ்டவுன்
மார்ச் 8

அன்புத் தம்பி,

மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? லாட்டியாவது இரண்டு வரி போடலாமே.

இங்கே இழவு வீடு மாதிரி இருக்கிறது. பிலடெல்பியாப் பத்திரிகையில் லிபர்ட்டி பேசும் இயந்திரக் கம்பெனி என்று ஒருவன் விளம்பரம் போட்டிருக்கிறான். தகரத்தாள் இல்லையாம், மெழுகாம். ஊசி உழுகிறதாம். வெதர்பி ஐயா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றார். எங்கள் தகரப்பெட்டி இன்னும் மியூசியத்துக்குப் போகவில்லை.

கிரிம்ஸ் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"உள்ளே இருக்கிற எவனோ வாயைத் திறந்திருக்கான்."

"வாயைத் திறக்கத்தானே ஐயா எனக்குச் சம்பளம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் பிறகு சிரிக்கவில்லை.

எல்லோர் பார்வையும் வோகெல்மேல் விழுகிறது. அவர் ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதுகிறார், யாருக்கும் படிக்கத் தெரியாது. எனக்கும் சந்தேகம்தான். போன வாரம் நான் உள்ளே போனதும் எதையோ மடித்துச் சட்டைக்குள் செருகினார். கிரிம்ஸிடம் சொன்னேன். ஏப்ரல் முடிவதற்குள் ஆள் அகப்படாவிட்டால் தன் குடும்பத்தாரையும் கிரிம்ஸையும் தவிர வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் அனுப்பிவிடுவேன் என்று ஐயா சொல்லிவிட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள் வோகெலும் நானும்தான். மே மாதம் சிப்பி கிடையாது. உனக்குத் தெரியும்.

உன் ஊர்க் கம்பெனிதானே, ஏதாவது காதில் விழுந்தால் எழுது.

ஹெப்ஸி


பிலடெல்பியா
மார்ச் 22

அன்புள்ள அக்கா,

நாங்கள் சௌக்கியம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. உன் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த ஜெர்மன்காரனாகத்தான் இருக்கும். நீ இதில் தலையிடாதே.

இங்கே பனி உருகிச் சேறாகிவிட்டது. அந்த மெழுகு பூட்ஸுக்கு நன்றாகப் பிடித்தது. தூள் போதவில்லை. கட்டியாக ஏதாவது கிடைத்தால் அனுப்பு.

ரூஃபஸ்


ஜார்ஜ்டவுன்
மார்ச் 29

தம்பி,

சளி போயிற்று. குரல் முன்னைவிட நன்றாக இருக்கிறது.

கட்டியாகவே அனுப்பியிருக்கிறேன். ஓட்ஸ் டப்பாவில் வைக்கோல் சுற்றி வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. என்னைப் பழகச் சொல்லிக் கொடுத்த உருளை, எப்படியும் உருக்கப் போவதுதான். உருக்கிப் பூட்ஸில் தேய்த்துக்கொள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஹெப்ஸி


பிலடெல்பியா
ஏப்ரல் 7

அக்கா,

உனக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது? சைலஸ் பிக்கெட்டையா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய்? என்னைக் கால்வாயில் தள்ளிவிட்டு, நான் முங்கி முங்கி எழுந்தபோது கரையில் நின்று ஆப்பிள் தின்றவன் அவன். உனக்கு மறந்துவிட்டதா? அப்பாவின் படகையும் அவனிடம் கொடுக்கப் போகிறாயாம்! அந்தப் படகில் எனக்கும் பாதி உண்டு. ஈஸ்டர் கழிந்து ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் அதற்குள் நான் வந்து தடுக்கிறேன். நாற்பத்தேழு வயதில் புத்தி இப்படியா போகும்? லாட்டி அழுதுகொண்டே இருக்கிறாள்.

உடனே பதில் எழுது.

ரூஃபஸ்


ஜார்ஜ்டவுன்
ஏப்ரல் 10

ரூஃபஸ்,

லாட்டியை அழவேண்டாம் என்று சொல். கல்யாணம் ஒன்றும் இல்லை. பிக்கெட்டுக்கே இந்த விஷயம் தெரியாது, பாவம். படகு போட்ட இடத்தில்தான் கிடக்கிறது.

என் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப் பார். பிக்கெட் பெயர் எதிலாவது இருக்கிறதா? நான் அதை ஒரே ஒரு இடத்தில்தான் சொன்னேன். டப்பாவில் வந்த உருளையில் சொன்னேன். வோகெல் சாப்பிடப் போயிருந்தபோது புனலுக்குள் தலையை விட்டு, பிக்கெட், படகு, ஈஸ்டர் எல்லாவற்றையும் கத்தினேன். பூட்ஸில் தேய்த்திருந்தால் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பூட்ஸுக்குக் காது கிடையாது.

அந்த மெழுகைப் பேசவைக்கிற இயந்திரம் உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்? ஒன்று எங்கள் லாயத்தில். இன்னொன்று லிபர்ட்டிக்காரனிடம். உருளையின் அளவை நவம்பரில் கேட்டாய், நான் மகராசி மாதிரி அம்மாவின் மாவுக்கட்டையைச் சொல்லி எழுதினேன். உருளை அவர்கள் இயந்திரத்தில் அப்படியே பொருந்தியிருக்கிறது பார்.

நான் சும்மா சந்தேகப்படவில்லை. எல்லாவற்றையும் குடைந்து குடைந்து கேட்கிறவன், திருட்டு என்று நான் எழுதினதும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன் ஊரிலே நடந்த சமாசாரம்! அன்றைக்கே என் மனசில் விழுந்துவிட்டது. அது பொய்யாக இருக்கட்டும், உன்னிடமிருந்து "எந்தப் பிக்கெட்?" என்றுகூட வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் டப்பாவைத் தபாலில் போட்டேன்.

நேற்று வோகெலை அனுப்பிவிட்டார்கள். அவர் சட்டைக்குள் செருகினது அவர் மகள் வரைந்த பூனைப் படம். கிரிம்ஸ் பிடுங்கிப் பார்த்தபோது அந்த மனுஷன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவரைக் காட்டிக்கொடுத்த வாய் என்னுடையது.

ஏப்ரல் முடிவதற்குள் நீயே வந்து ஐயாவிடம் சொல்ல வேண்டும். வராவிட்டால் நான் சொல்வேன். எழுதினது என் கைதான், என் வேலையும் போகும். போகட்டும். துணி துவைக்க எனக்கு மறந்துவிடவில்லை.

ஹெப்ஸி


பிலடெல்பியா
ஏப்ரல் 24

அக்கா,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

பியானோத் தொழிற்சாலையைப் போன செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. லிபர்ட்டியில் பெட்டி செய்ய ஒரு தச்சன் வேண்டுமென்றார்கள், சேர்ந்தேன். பெட்டிக்குள் என்ன போகும் என்று எனக்கு முதலில் தெரியாது. நீ பெட்டியோடு சண்டை போட்ட கடிதம் வந்ததே, அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெருமைக்குத்தான். மேஸ்திரி பின்னால் நின்று கேட்டிருக்கிறார். "உங்க அக்காவா? இன்னும் கொஞ்சம் விசாரிச்சு எழுதச் சொல்லேன்பா" என்றார். மறுநாளே என்னைத் தச்சர்களுக்குத் தலைவனாக்கினார். கோட்டு அப்படி வந்தது. அதற்கப்புறம் வந்த கடிதங்களை நான் வாசித்துக் காட்டவில்லை. அவர்களே வாங்கி வாசித்தார்கள்.

உன் உருளையைக் கொடுத்ததும் அதில் ஊசி உழுத கோடு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வெதர்பி சொன்ன ரகசியம் ஏதோ இருக்கும் என்று முதலாளி, பங்குதாரர் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூடி நின்றார்கள். உன் குரல் வந்தது. "டேய் ரூஃபஸ், நான் பிக்கெட்டைக் கட்டிக்கப் போறேன்டா" என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை அக்கா. நீ அறைக்குள் நிற்கிறாய் என்றே தோன்றியது. வீட்டுக்கு ஓடிவந்து கடிதம் எழுதினேன். தபாலில் போட்டபிறகுதான் என் புத்தி எனக்குத் திரும்பியது.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நேராக லாயத்துக்கே வருகிறேன். நீ உடன் நிற்க வேண்டாம்.

ரூஃபஸ்


ஜார்ஜ்டவுன்
மே 3

தம்பி,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? வழியில் சாப்பிட்டாயா? இனி நான் எழுதும் கடிதமெல்லாம் கிரிம்ஸ் படித்தபிறகுதான் தபாலுக்குப் போகும் என்று ஐயா கட்டளை. ஆகவே, காலை வணக்கம் கிரிம்ஸ் ஐயா.

எனக்கு வேலை இருக்கிறது. "உன் வாய் எங்களைக் கெடுத்துச்சு ஹெப்ஸி. அதே வாய்தான் திருடனையும் பிடிச்சுது. கணக்கு சரி" என்றார் ஐயா. வோகெலைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். வோகெல் பூனைப் படத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். எனக்கு எதிரே மாட்டியிருக்கிறார், புனலில் கத்தும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் கத்த வேண்டும்.

லிபர்ட்டிக்காரன் உன்னை அனுப்பிவிட்டான் என்று சொன்னாயே, இங்கே கால்வாய் மதகுக்குத் தச்சன் தேடுகிறார்கள். யோசித்துச் சொல். என் கோபம் இன்னும் போகவில்லை. போனதும் எழுதுகிறேன். அன்றைக்கு என் வீட்டில் இரண்டாம் தடவை சூப் கேட்டாய் பார், அதில் கொஞ்சம் போயிற்று.

இப்போது அலுவல் விஷயம். நீ அழுதுகொண்டிருந்ததால் கவனித்திருக்கமாட்டாய் என்று எழுதுகிறேன்.

எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது மிரட்டி வாங்கினது என்று லிபர்ட்டி வக்கீல் சொல்வான், உன் குரலிலேயே இருக்கட்டும் என்று ஐயா உன்னைப் புனலில் பேசச் சொன்னார். நடந்ததை ஒன்று விடாமல் நீ சொன்னாய். இந்தக் கூடத்தில் இதுவரை இவ்வளவு தெளிவாக எதுவும் பதிந்ததில்லை என்றார் வோகெல். மேசைமேல் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டு, கிரிம்ஸ் அந்த உருளையைக் கதவுக்குப் பின்னால், கணப்பு ஓரமாக இருந்த நாற்காலியில் யார் கண்ணிலும் படாமல் வைத்தார். பிறகு ஐயா உன்னைப் பார்த்து, "உட்காருப்பா" என்றார். அந்த அறையில் நாற்காலி அது ஒன்றுதான். நீ உட்கார்ந்தாய். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய்.

நீ ரயிலுக்குப் போனபின் பார்த்தோம். அட்டை தட்டையாக இருந்தது. மெழுகு அதில் இல்லை.

உன் கால்சட்டையைத் துவைக்க வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், மடிக்கவும் வேண்டாம், பதிவுத் தபாலில் உடனே அனுப்பவும் என்று எழுதச் சொல்கிறார் கிரிம்ஸ். தகரப்பெட்டியில் வைத்து அரக்கு போட்டு மியூசியத்தில் கொடுக்க வேண்டுமாம். லாட்டி ஏற்கெனவே துவைத்துவிட்டிருந்தால், தண்ணீர் சுடுதண்ணீரா பச்சைத்தண்ணீரா என்பதை எழுதவும்.

ஹெப்ஸி

படித்தேன். ஆட்சேபணை இல்லை.
ஓ. கிரிம்ஸ்